உங்கள் தங்கை லைட் போட மாட்டேன் என்கிறாள்

அல்லிநகரம், தேனி
ஐப்பசி, வியாழக்கிழமை

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் சின்னச்சாமி அவர்களுக்கு,

அல்லிநகரத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஞானசிகாமணி வணங்கி எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை மொக்கம்மாள் பரிபூரண சுகம். நீங்கள் கொடுத்த கார் சுகம். நான் இருக்கிறேன். கம்பம்மெட்டில் நீங்களும் அக்காவும் புது வீட்டின் குளிர் பழகி நலமாக இருப்பீர்கள் என்றும், இந்த மழை ஏலச்செடிக்கு அளவாகப் பெய்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதை இவன் எதற்குக் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழக்கதோஷம் என்றும் சிரிப்பீர்கள். அது இல்லை மச்சான். உங்களுக்கு நான் போன் போட்டாலே உங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். மொட்டை மாடிக்குப் போனால் காயாத துணியை எடுக்க வருகிறாள். தெருமுனைக்குப் போய்ப் பேசலாம் என்று ஒருநாள் செருப்பை மாட்டினேன், "எங்க போறீக, இருங்க, கார்ல கொண்டு போயி விடுறேன்" என்றாள். எதற்குப் பயந்து தெருவுக்கு ஓடினேனோ அதிலேயே ஏற்றி உட்கார வைத்துவிட்டாள். ஆகவே அவள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அவள் கார் ஓட்டுவதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் பழைய சாம்பல் நிறக் காரை நீங்கள் அவளுக்குக் கொடுத்ததும், கோம்பைக் கண்மாய்க்கரையில் வைத்து நீங்களே அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும், பேரன் பேத்தி எடுத்த வயதில் அவள் லைசென்ஸ் வாங்கி வந்து அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்ததும் எனக்கும் பெருமைதான். கியர் மாற்றுவதில் ஒரு பிசகு கிடையாது. வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்ப மாட்டாள். என் பக்கம் பிரேக் இல்லாவிட்டாலும் நான் மிதித்து மிதித்து அங்கே கிடந்த ரப்பர் விரிப்பு ஓட்டையானது அவள் குற்றம் அல்ல. என் கவலை ஒன்றே ஒன்றுதான். அவள் லைட் போட மாட்டேன் என்கிறாள். இருட்டினால் போடுகிறாள். பகலில், மழையோ மேகமோ தூசியோ, வானமே இடிந்து ரோட்டில் விழுந்தாலும் போட மாட்டாள். காரணம் கேட்டால், "பகல்ல லைட்டப் போட்டா பேட்டரி எறங்கிரும்னு எங்கண்ணன் சொன்னாக" என்கிறாள். நீங்கள் சொன்னது மச்சான். கண்மாய்க்கரையில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல், இங்கே என் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கோடை மழையில் நடந்ததைச் சொல்கிறேன். கடமலைக்குண்டில் ஒரு துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வருசநாட்டு மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது, கண்டமனூர் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, வைப்பர் இங்கும் அங்கும் தலையில் அடித்துக்கொள்வதுபோல் அடித்துக்கொள்கிறது, பட்டப்பகலில் பொழுது சாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. நான், "மொக்கு, லைட்டப் போடு" என்றேன். "எனக்குத்தான் ரோடு தெரியுதே" என்றாள். "உனக்குத் தெரியுது, எதுத்தாப்ல வாரவனுக்கு நீ தெரியணும்ல" என்றேன். "ஏன், அவனுக்குக் கண்ணு இல்லையா?" என்றாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், எதிரே தேங்காய் ஏற்றி வந்த டிராக்டரை முந்திக்கொண்டு ஒரு பஸ் எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. சாம்பல் நிற வானம், சாம்பல் நிற மழை, சாம்பல் நிறக் கார். நாங்கள் அவன் கண்ணுக்கு ரோட்டின் ஒரு பகுதியாகத்தான் தெரிந்திருப்போம். நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன். அவள் இருக்கிற பிரேக்கை மிதித்துக்கொண்டே இடதுபக்கம் ஒடித்தாள். கார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு முருங்கைத் தோப்புக்குள் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை, என் பக்கக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்ததால் ஒரு முருங்கைக்காய் மட்டும் உள்ளே வந்து என் மடியில் விழுந்தது.

பஸ் டிரைவர் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே இறங்கி வந்தார். "ஏன் ஆத்தா, நீ வண்டிய ஓட்டுறியா, ஒளிச்சு வைக்கிறியா?" என்று கேட்டார். உங்கள் தங்கை கண்ணாடியை இறக்கி, "எனக்கு நீங்க நல்லாத் தெரிஞ்சீகளே தம்பி" என்றாள். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ பேர் என்னை முறைத்திருக்கிறார்கள், இவ்வளவு இரக்கத்தோடு ஒருவரும் பார்த்ததில்லை. அந்த முருங்கைக்காயை வீணாக்கக் கூடாது என்று மறுநாள் சாம்பார் வைத்தாள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

சரி, பட்டதில் புத்தி வந்திருக்கும் என்று இருந்தேன். ஆடியில் வீரபாண்டிக்குக் கௌமாரியம்மனைக் கும்பிடப் போனோம். காலையிலிருந்தே சாரல், மூடாக்கு. நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், கடைசியில் "அம்மன் மேல ஆணை" என்று சொல்லிவிட்டேன். சாமி பெயரைச் சொன்னதால் வேண்டாவெறுப்பாகப் போட்டாள். வழியெல்லாம் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் கெட்டேன். கோயிலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது லைட்டை அணைக்க வேண்டும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, பகலில் போட்டுப் பழக்கமில்லை. எனக்கும் தோன்றவில்லை, அன்றைக்குக் கூட்டம் அதிகம். சாமி கும்பிட்டு, ஆற்றில் கால் நனைத்து, பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு ஆற அமர வந்து சாவியைத் திருப்பினால் வண்டி 'க்ளுக்' என்றது, அதோடு சரி. உங்கள் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை மச்சான். "எங்கண்ணன் சொன்னாக. நடந்திருச்சு" என்றாள். அல்லிநகரத்து மெக்கானிக், ஓடுகிற வண்டியில் லைட் போட்டால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது, நிற்கிற வண்டியில் எரிந்தால்தான் இறங்கும் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். அதை எடுத்துச் சொன்னேன். "அந்த மெக்கானிக்கு எங்கண்ணனை விடப் பெரியாளா?" என்று கேட்டாள்.

பொங்கல் வைக்க வந்த நாலைந்து பேர் தள்ளினார்கள், நானும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு தள்ளினேன். வண்டி கிளம்பிவிட்டது. கிளம்பியது நிற்கவில்லை. நிறுத்தினால் மறுபடியும் அணைந்துவிடும் என்ற பயத்தில் அவள் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி, "நீங்க பஸ்ல வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் மணிபர்சும் கண்ணாடியும் காரோடு போய்விட்டன. என் ஒரு செருப்பு, தள்ளிய இடத்திலேயே எங்கேயோ கிடக்கிறது. நான் ஊர்வந்து சேர்ந்த கதையைக் கேட்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் உங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நாங்கள் ஏன் தாமதமாக வந்தோம், மொக்கம்மாளுக்கு ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டீர்கள். அடுப்புப் புகை என்று அவள் சொன்னாள். தூக்கம் பத்தவில்லை என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் இரண்டு காரணம் சொன்னதை நீங்கள் கவனித்திருப்பீர்கள், கவனித்தும் பெரிய மனதோடு விட்டுவிட்டீர்கள். நடந்தது இதுதான்.

விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்பினோம். கம்பம் வரை பளிச்சென்று வெயில். நான் விசேஷ வீடு என்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு. பின்சீட்டில் உங்களுக்குச் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு. மலையில் ஏறி நாலைந்து வளைவு திரும்பியதும் மேகம் இறங்கிவிட்டது. மேலே போகப் போகப் பால்சட்டியை மூடிய மாதிரி மூடிக்கொண்டது. எதிரே பானட் நுனி தெரியவில்லை. இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு போகிறோம். காரில் முன்னால் இரண்டு, பின்சீட்டில் குத்துவிளக்கு ஒன்று என மூன்று விளக்குகள் இருக்கின்றன, ஒன்றும் எரியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "சரி, இந்தா போடுறேன்" என்று போட்டாள். அது தூரத்துக்கு அடிக்கும் பிரைட்டில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், கண்ணுக்கு முன்னால் வெள்ளையடித்த சுவர் ஒன்று எழும்பி நின்றது. முன்பு தெரிந்த கொஞ்சமும் போய்விட்டது. உடனே அணைத்துவிட்டு, "பாத்தீகளா, போட்டா ஒண்ணுமே தெரியல. எங்கண்ணன் சும்மா சொல்லுவாகளா?" என்றாள்.

"டிம்முல போடணும் மொக்கு" என்றேன். "டிம்மு எங்கன இருக்கு?" என்றாள். எனக்கும் தெரியாது. இரவில்கூட அவள் பிரைட்டில்தான் ஓட்டியிருக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது, ஊரே எதிரில் வந்து ஏன் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது என்பதும் விளங்கியது. அவள் ஒன்றைத் தட்டினாள், கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது. நான் எட்டி ஒன்றை அமுக்கினேன், நாலு மூலையிலும் இண்டிகேட்டர் மினுக்க ஆரம்பித்தது. அதோடு கொஞ்ச தூரம் போனோம். நாங்கள் நிற்கிறோமா, போகிறோமா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று அந்த மினுக்கலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கே தெரியவில்லை. கடைசியில் அவள் ஓரமாக நிறுத்தி, "ரோடு எந்தப் பக்கம் வளையுதுன்னு எறங்கிப் பாருங்க" என்றாள்.

இறங்கினேன். கொஞ்சம் மேலே நடந்து, வளைவு இந்தப் பக்கம்தான் என்று தெரிந்துகொண்டு திரும்பிப் பார்த்தால் காரைக் காணோம். பேட்டரி இறங்கிவிடும் என்று இன்ஜினையும் மினுக்கலையும் சேர்த்து அணைத்துவிட்டாள். சாம்பல் நிறக் கார் மேகத்துக்குள் கரைந்துவிட்டது. வெள்ளை வேட்டியில் நானும் கரைந்துவிட்டேன். "மொக்கு" என்று கூப்பிட்டேன். "எங்கன இருக்கீக?" என்று எங்கிருந்தோ குரல் வந்தது. "இங்கன" என்றேன். "இங்கனன்னா எங்கன?" என்றாள். மேகத்துக்குள் ஆள் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிவதில்லை மச்சான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், எது எந்தப் பக்கம் என்றும் மறந்துபோனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப். அந்த டிரைவர்களுக்கு இந்த ரோடு உள்ளங்கை மாதிரி, மேகத்திலும் நிதானம் தெரிந்து ஏறுவார்கள். ஆனால் நடு வளைவில் விளக்கு இல்லாமல் ஒரு கார் நிற்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஜீப்புக்கும் எனக்கும் நடுவில் எங்கேயோ என் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் காருக்குப் பின்னால் அது வந்துகொண்டிருக்கிறது. நான் சத்தத்தை நோக்கி ஓடினேன். துண்டை வீசினேன். வெள்ளை மேகத்தில் வெள்ளைத் துண்டு. "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன், வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அவளிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது என் எதிரே இரண்டு மங்கலான வெளிச்சம் பூத்தது. நம் கார். அடுத்த கணமே பிரேக் கிறீச்சிட்ட சத்தம், பெண்களின் கூச்சல், பிறகு ஒன்றும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப்பின் மூக்கு நம் காரின் டிக்கியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஜீப் டிரைவர் இம்மானுவேல் என்பவர் இறங்கி, இரண்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா, அந்தச் செவப்பு லைட்டு மட்டும் எரியலேன்னா ஏத்தியிருப்பேன்" என்றார். முன்னால் லைட் போட்டால் பின்னாலும் சிவப்பு எரியும் என்பது உங்கள் தங்கைக்கு அதுவரை தெரியாது. அவள் ஜீப்புக்காகப் போடவில்லை. ஜீப் வந்ததே அவளுக்குத் தெரியாது.

"நீங்க வழி தெரியாம அங்கிட்டுப் பள்ளத்துல போயிருவீகளோன்னுதான் போட்டேன்" என்றாள். "என்னை நீங்க கண்டுபிடிச்சு வரணும்ல." சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்களில் பவுனு என்று ஒருத்தி அவள் முதுகைத் தடவிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, "மஞ்சு எறங்குற மலையில வெள்ளையும் சொள்ளையுமா நடுரோட்டுல நிக்கிறீகளே, நாங்க மனுசன்னு நெனைக்கவா, ஆவின்னு நெனைக்கவா?" என்று கேட்டாள். இம்மானுவேல் உள்ளே கையை விட்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குச்சியை லேசாக இழுத்தார், டிம் வந்தது, காலடி ரோடு தெரிந்தது. "என் பின்னாடியே வாங்க, விட்டுப் பிடிச்சு வாங்க" என்று சொல்லி முன்னால் போனார். அவர் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டே உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதற்குள் பால் பொங்கிவிட்டது. நாத்தனார் வராமல் பால் பொங்கிவிட்டதே என்று அக்கா வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். நாத்தனார் வந்ததே பெரிய பாக்கியம் என்று அவர்களிடம் சொல்லிவிடவும்.

இவ்வளவுக்குப் பிறகு அவள் மாறியிருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். போன வாரம் இங்கே அடைமழை. பழனிசெட்டிபட்டி தாண்டும்போது, "மொக்கு, லைட்டு" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அன்னைக்கு நீங்க வெளிய நின்னீக, போட்டேன். இன்னைக்குப் பக்கத்துலதான ஒக்காந்திருக்கீக, யாருக்குப் போடணும்?" என்றாள். மழைக்காலம் பிடித்துவிட்டது. தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போகணும், மலை ஏறணும் என்று இப்போதே பலகாரத்துக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். எனக்கு ராத்தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிறது.

ஆகவே உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அவளுக்கு நீங்களே ஒரு போன் போட்டு, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாமல், உங்களுக்கே தோன்றியதுபோல், வைப்பர் ஆட ஆரம்பித்தால் லைட்டும் எரியணும் தாயி, மேகம் இறங்கினால் டிம்மில் போடணும், பிரைட்டில் போடக் கூடாது, வானம் கருத்தாலும், லாரி கிளப்பும் புழுதியில் முன்னால் போகிறவன் மறைந்தாலும், புளியமர நிழல் அடைசலாக இருந்தாலும் போடணும், ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விடாதே, இறங்கும்போது மறக்காமல் அணைத்துவிடு, பகலில் போடுகிற லைட் நாம் பார்ப்பதற்கு இல்லை, நம்மை நாலு பேர் பார்ப்பதற்கு என்று சொல்லிவிடவும். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால், நான் புருஷன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் ஏற்றிய விளக்கு என்றும் அணையாமல், ஏலம் நல்ல காய் பிடித்து, எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வீரபாண்டி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் அச்சமும் மறவாத,
ஞானசிகாமணி

பின்குறிப்பு: மச்சான், இதைத் தபால் ஆபீஸ் மேசையில் வைத்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே தெரிந்துவிட்டது. அவள் திரும்பி வந்த கார் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உறையைத் தேட உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால், காய்கறிப் பையோடு நின்றபடியே முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். படித்துவிட்டு, "நான் அழுதத எழுதிட்டீக. ரோட்டுல ஒக்காந்து நீங்க அழுதத எழுதலையே" என்று மட்டும் கேட்டாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, தபால் ஆபீசுக்குத்தான?" என்றாள். மேகம் கலைந்து சுள்ளென்று உச்சி வெயில். அவளாகவே லைட்டைப் போட்டாள். பிரைட்டும் போட்டாள், நாலு இண்டிகேட்டரும் போட்டாள். எதிரே பைக்கில் வந்தவர்கள் எல்லாம் விரலைக் குவித்து விரித்து, குவித்து விரித்து, லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். அவள் ஒவ்வொருத்தருக்கும் கையாட்டி வணக்கம் சொன்னாள். எனக்கு மானமே போய்விட்டது. "அமத்திரு மொக்கு, வெயிலடிக்குது" என்றேன். "நாலு பேரு பாக்கணும்னு எழுதியிருக்கீகள்ல, பாக்கட்டும்" என்றாள். ஆகவே தயவுசெய்து போன் போட்டு, வெயிலில் அதை அணைக்கச் சொல்லவும். நேரு சிலை சிக்னலில் போலீஸ்காரர் ஓடி வந்து, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். உங்கள் தங்கை என்னைக் காட்டினாள். அவர் என் முகத்தைப் பார்த்தார், வேறு கேள்வி கேட்கவில்லை. விசில் ஊதி நாலு பக்கமும் நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். அவ்வளவு பேர் பார்க்கும்போது வேறு என்ன செய்வது, சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஓட்டும்போது நான் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் ஓட்டுகிறாள் மச்சான். தூங்கிவிட்டேன்.